ஷ்ரோப்ஷயரில் இரண்டு நாள்: ஷ்ரூஸ்பரியா, அயர்ன்பிரிட்ஜா, லட்லோவா?

அப்பா மூன்று மாதம் எங்களோடு பர்மிங்ஹாமில் வந்து தங்கியிருந்தார். லண்டன் பார்த்தாயிற்று, ஆக்ஸ்ஃபோர்டு பார்த்தாயிற்று. ஊருக்குத் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு நாள் காலை காப்பி குடித்துக்கொண்டே, "கிளைவ் பொறந்த ஊரு இங்க பக்கத்துலதான ஆத்தா?" என்று கேட்டார். முப்பது வருடம் சிவகங்கைப் பக்கத்துப் பள்ளிகளில் வரலாறு நடத்தியவர். அந்தக் கேள்வியை இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்திருக்கிறார், நமக்கு அலைச்சல் வேண்டாம் என்று கேட்காமல் இருந்திருக்கிறார் என்று புரிந்ததும் அன்றைக்கே வரைபடத்தை எடுத்துவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில்தான். பர்மிங்ஹாமுக்கு வடமேற்கே, வேல்ஸ் எல்லையை ஒட்டியிருக்கும் ஷ்ரோப்ஷயர் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி). கடல் இல்லை, மாநகரமும் இல்லை. 'சாலப்' என்று இன்னொரு பெயரும் உண்டு; 1974 முதல் 1980 வரை கவுண்டியின் அதிகாரப்பூர்வப் பெயரே அதுதான். எங்களுக்குக் கிடைத்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு. கூட வருவது இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அப்பா. எந்த ஊரில் தங்குவது? தேடிப் பார்த்ததில் மூன்று ஊர்கள் போட்டிக்கு நின்றன. அதற்கப்புறம் நான் பலமுறை அந்தப் பக்கம் போய்வந்துவிட்டேன். பெரியவர்களையோ பிள்ளைகளையோ கூட்டிக்கொண்டு அங்கே போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று மூன்றையும் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

பிள்ளைகளின் ஓட்டு அயர்ன்பிரிட்ஜுக்கு. ஊரின் பெயரே அங்குள்ள இரும்புப் பாலம்தான். வார்ப்பிரும்பில் கட்டிய உலகின் முதல் பெரிய பாலம். 1779-இல் எழுப்பி, 1781 ஜனவரி 1 அன்று போக்குவரத்துக்குத் திறந்தார்கள். செவர்ன் ஆற்றின் மேல் 30 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஒரே வளைவு, ஏறக்குறைய 378 டன் இரும்பு. மேலே நடந்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கரையில் இறங்கி, பாலத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒரு துண்டில் துளை, இன்னொன்றில் கழுந்து. செருகி, ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். வீட்டுக் கதவு நிலையில் பார்க்கிற அதே மரவேலை, இரும்பில். அதற்கு முன்னால் யாரும் இரும்பில் இவ்வளவு பெரிதாகக் கட்டியதில்லை. தெரிந்த வித்தை தச்சு வித்தைதான், அதையே இரும்புக்கும் செய்தார்கள். பாலத்தை வரைந்த தாமஸ் பிரிட்சார்டும் தச்சுத் தொழிலிலிருந்து வந்தவர்தான். வேலை தொடங்கிய 1777-இன் கடைசியிலேயே அவர் இறந்துபோனார். பொறுப்பேற்றுக் கட்டி முடித்த மூன்றாம் ஆபிரகாம் டார்பி, கணக்குப் போட்டதைவிடப் பல மடங்கு செலவாகி, கடனோடு 1789-இல் இறந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அந்த டார்பியின் தாத்தா, அவரும் ஆபிரகாம் டார்பிதான், 1709-இல் பக்கத்துக் கோல்புரூக்டேலில் செய்த காரியம் பாலத்தைவிடப் பெரியது. அதுவரை இரும்பை உருக்க மரக்கரிதான். காடு தீரத்தீர விலை ஏறியது. நிலக்கரியை அப்படியே போட்டால் அதிலுள்ள கந்தகம் இரும்பைக் கெடுத்துவிடும். டார்பி நிலக்கரியை முதலில் சுட்டுக் கோக்காக மாற்றி, அதை உலையில் போட்டார். அவர் வார்த்தது பெரும்பாலும் சமையல் பானைகளும் சட்டிகளும்! அந்த உலை இன்றும் அங்கே கூரைக்குக் கீழே பத்திரமாக நிற்கிறது. பாலத்துக்குப் போகிற கூட்டத்தில் பாதிகூட உலைக்கு வருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

பாலத்தின் ஒரு முனையில் பழைய சுங்கச்சாவடி வீடு இருக்கிறது. சுவரில் கட்டணப் பலகை. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு பலகையில் இடிக்கிற மாதிரி நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தார். குதிரை எத்தனை பூட்டிய வண்டிக்கு எவ்வளவு, கன்றுக்கும் ஆட்டுக்கும் பன்றிக்கும் எவ்வளவு என்று போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில், படை அதிகாரியோ சிப்பாயோ, பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தபால் வண்டியோ, அரச குடும்பமோ, யாராக இருந்தாலும் சுங்கம் கட்டித்தான் கடக்க வேண்டும் என்று இருக்கிறது. "ராசா குடும்பமும் காசு குடுக்கணுமாம், இங்க வந்து பாரு!" என்று பேரனைக் கூப்பிட்டுக் காட்டினார். 1934-இல் வண்டிகளை நிறுத்திய பிறகும், 1950 வரை நடந்துபோகிறவர்களிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு என்றால் பிளிஸ்ட்ஸ் ஹில் போதும், நாளே போய்விடும். விக்டோரியா காலத்துச் சிற்றூர் ஒன்றை அங்கே அப்படியே அமைத்திருக்கிறார்கள். வங்கியில் இன்றைய பணத்தைக் கொடுத்துப் பழைய பென்னிகளாக மாற்றி, அந்தக் காசில் மிட்டாய் வாங்கலாம். சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பழைய முறைப்படி பொரிக்கும் கடைகளில் உருளைக்கிழங்குச் சிப்ஸைக்கூட மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பக்கத்திலுள்ள டாலியில் பிறந்தவர்தான், 1875-இல் ஆங்கிலக் கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் முதன்முதலாக நீந்திக் கடந்த மேத்யூ வெப். அவர் நீச்சல் பழகியது இந்தச் செவர்ன் ஆற்றில்.

இவ்வளவு இருந்தும் தங்குவதற்கு நான் அயர்ன்பிரிட்ஜைச் சொல்லமாட்டேன். ரயில் நிலையம் இல்லை; டெல்ஃபோர்டில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். காட்சியகங்கள் பள்ளத்தாக்கு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஊரோ செங்குத்தான சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிறது. முழங்கால் வலிக்காரருக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே ஊர் தெரிந்துவிடும். கார் இருந்தால் ஒரு முழு நாள் போய் வருவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்தது ஷ்ரூஸ்பரி, கவுண்டியின் தலைநகரம். பெயரையே 'ஷ்ரூஸ்பரி' என்பவர்களும் 'ஷ்ரோஸ்பரி' என்பவர்களும் உண்டு. உள்ளூரிலேயே வழக்கு இன்னும் தீரவில்லை. செவர்ன் ஆறு வளைந்து ஊரை ஏறக்குறைய முழுவதுமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. கிழக்கே இங்கிலீஷ் பிரிட்ஜ், மேற்கே வெல்ஷ் பிரிட்ஜ். நடுவில் மரச்சட்டமிட்ட பழைய வீடுகள், டாக்போல், மார்டால், வைல் காப் என்று எதற்கும் பொருந்தாத தெருப் பெயர்கள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். பர்மிங்ஹாமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தலைக்கு மேலே கோட்டை நிற்கும்.

நிலையத்திலிருந்து ஏறினால் நகர நூலகம். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம். சார்லஸ் டார்வின் படித்தது அங்கேதான். வாசலில் அவர் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். 1809-இல் ஆற்றுக்கு அக்கரையில், தி மவுண்ட் என்ற வீட்டில் பிறந்தவர். 1831 ஆகஸ்ட் இறுதியில் வேல்ஸில் பாறைகளை ஆராய்ந்துவிட்டு வீடு திரும்பியபோது, உலகைச் சுற்றப் புறப்படும் பீகிள் கப்பலில் போக விருப்பமா என்று கேட்கும் கடிதம் அந்த வீட்டில்தான் காத்திருந்தது. அவருடைய அப்பா முதலில் கூடாது என்றார். மாமா பேசிச் சம்மதிக்க வைத்தார். நம் வீடுகளில் நடப்பதுதான்.

ஊரின் வடக்கு ஓரத்தில் ஃபிளாக்ஸ்மில் மால்டிங்ஸ். 1797-இல் முடித்த ஆளிநார் (லினன்) நூற்பாலை. அந்தக் காலத்து ஆலைகளில் மர உத்தரமும் மரத் தரையும் பஞ்சுத் தூசியுமாகச் சேர்ந்து அடிக்கடி தீப்பிடிக்கும். சார்லஸ் பேஜ் என்பவர் தூண், உத்தரம் எல்லாவற்றையும் வார்ப்பிரும்பில் போட்டுக் கட்டினார். உலகில் முழுவதும் இரும்புச் சட்டத்தில் எழுந்த முதல் கட்டடம் இதுதான் என்பதால் வானளாவிய கட்டடங்களின் தாத்தா என்கிறார்கள். 1987-இல் மூடிப் பாழடைந்து கிடந்ததைச் சீரமைத்து 2022-இல் மக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே போய் அந்த ஒல்லித் தூண்களைத் தொட்டுப் பாருங்கள்.

அப்பா வந்தது இதற்கெல்லாம் இல்லை. தி ஸ்கொயர் என்ற சதுக்கத்தில் கிளைவ் நிற்கிறார். 1860-இல் வைத்த சிலை. 1725-இல் இந்தக் கவுண்டியில் பிறந்து, 1744-இல் குமாஸ்தாவாகச் சென்னையில் இறங்கி, 1751-இல் ஐந்நூறு பேரோடு ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்த அதே ராபர்ட் கிளைவ். முற்றுகையில் அரிசி குறைந்தபோது, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு நம் சிப்பாய்கள் வடித்த கஞ்சியைக் குடித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அப்பா அதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கோபப்படுவார்களாம். கல்யாணம் 1753-இல் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில். ஊர் திரும்பியதும் ஷ்ரூஸ்பரியின் நாடாளுமன்ற உறுப்பினர், மேயர். 2020-இல் சிலையை எடுக்க வேண்டும் என்று மனுக்கள் குவிந்தன. எடுப்பதில்லை என்று கவுன்சில் முடிவு செய்தது.

அப்பா சிலையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பெஞ்சில் உட்கார்ந்து சான்ட்விச் தின்றுகொண்டிருந்த இரண்டு இளைஞர்களிடம், தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், இவர் யாரென்று தெரியுமா என்று கேட்டார். "இந்தியாவோடு ஏதோ சம்பந்தம்" என்றார் ஒருவர். அப்பா அவர்களுக்குக் கால் மணி நேரம் ஆற்காட்டைப் பற்றிச் சொன்னார். அவர்கள் சான்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் அதைத் தூரத்திலிருந்து படம் எடுத்தார். இப்போது அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

ஷ்ரூஸ்பரி அபே என்ற பழைய மடாலயத் தேவாலயத்தில் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனுக்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. இந்தக் கவுண்டியின் ஆஸ்வெஸ்ட்ரியில் பிறந்தவர், 1918 நவம்பர் 4-இல் போர்முனையில் இறந்தார். தந்தி ஷ்ரூஸ்பரியில் இருந்த பெற்றோருக்கு வந்து சேர்ந்தது நவம்பர் 11, போர் முடிந்ததென்று ஊர் மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தபோது. அவருடைய தாயார் 1920-இல் தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார்: மகன் கடைசியாக விடைபெற்றபோது சொன்ன வரிகள் தாகூருடையவை, அவை எந்தப் புத்தகத்தில் இருக்கின்றன என்று கேட்டு. அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டே அந்த இடத்தில் நின்றால் நெஞ்சு அடைக்கிறது.

பிள்ளைகளுக்கு ஷ்ரூஸ்பரி பிஸ்கட் வாங்கிக் கொடுங்கள். புனேயின் கயானி பேக்கரி வாசலில் வரிசையில் நின்று வாங்குகிற அதே பெயர்தான். மூலம் இந்த ஊர்.

மூன்றாவது லட்லோ. கவுண்டியின் தெற்குக் கோடியில், குன்றின் மேல் ஒரு சின்ன ஊர். பர்மிங்ஹாமிலிருந்து ரயிலில் வந்தால் ஷ்ரூஸ்பரியில் மாற வேண்டும். அங்கிருந்து அரை மணி நேரம். பட்டியலில் கடைசியாகத்தான் வைத்திருந்தேன். சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர், 1995 முதல் உணவுத் திருவிழா நடத்துகிறார்கள், பாழடைந்த கோட்டை ஒன்று இருக்கிறது என்ற அளவில்தான் எனக்குத் தெரியும்.

அந்தக் கோட்டையில்தான் 1502 ஏப்ரல் 2 அன்று, கல்யாணமாகி ஐந்தே மாதத்தில், பதினைந்து வயது இளவரசர் ஆர்தர் இறந்தார். அவர் மனைவி ஸ்பெயினின் கேத்தரினை அப்புறம் தம்பி எட்டாம் ஹென்றி மணந்தது, அந்த மணத்தை ரத்து செய்யப் போராடி ரோமாபுரித் திருச்சபையையே விட்டு விலகியது எல்லாம் இங்கிலாந்து வரலாறு. ஆர்தர் பிழைத்திருந்தால் இங்கிலாந்தின் மதமே வேறாக இருந்திருக்கலாம். அப்பா இதை ரசித்தார், ஆனால் பாடப்புத்தகத்தில் படித்ததைச் சரிபார்க்கிற ரசனை அது.

பிறகு கோட்டையை இப்போது வைத்திருப்பது யார் என்று பேச்சு வந்தது. போவிஸ் பிரபுவின் எஸ்டேட். 1811-இல் அரசிடமிருந்து கோட்டையை விலைக்கு வாங்கிய அன்றைய போவிஸ் பிரபு யார்? எட்வர்டு கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். அப்பா சட்டென்று திரும்பினார். "எட்வர்டு கிளைவா? மெட்ராஸ் கவர்னரா இருந்தவனா?"

அவரேதான். 1798 முதல் 1803 வரை சென்னை மாகாண ஆளுநர். அந்த ஐந்து வருடத்தை எண்ணிப் பாருங்கள். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். அதே வருடம் அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 ஜூலை 31 உடன்படிக்கையில் கர்நாடக நவாபின் நாடு முழுக்கக் கம்பெனி கைக்கு வந்தது. அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அப்பாவின் சொந்த ஊர் அந்தத் திருப்பத்தூருக்குப் பக்கம். சின்ன வயதில் அவருடைய அப்பத்தா கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டியிருக்கிறாள்.

சென்னையில் இந்த எட்வர்டு கிளைவ் விட்டுப்போன கட்டடத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிளாசி வெற்றியையும் ஸ்ரீரங்கப்பட்டண வெற்றியையும் கொண்டாட, கோல்டிங்ஹாம் என்பவரை வைத்துக் கட்டி 1802-இல் முடித்த விருந்து மண்டபம், இன்றைய ராஜாஜி மண்டபம். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று நாம் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்திய அந்தப் படிக்கட்டைக் கட்டச் சொன்னவர், ஒன்பது வருடம் கழித்து இந்தக் கோட்டையை வாங்கியிருக்கிறார்.

வெளிமுற்றத்துப் புல்தரையில் அப்பா ரொம்ப நேரம் நின்றார். பிள்ளைகள் கோபுரத்தில் ஏறிக் கையசைத்தார்கள். அவர் கையசைக்கவில்லை. கீழே குனிந்து ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, அது கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

இந்தக் காரணத்துக்காகவே தமிழர்களுக்கு ஷ்ரோப்ஷயரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் லட்லோ என்று சொல்வேன். கோட்டைக்குள் தரை சமமில்லை, ஆனால் முற்றம் வரை பெரியவர்கள் மெதுவாக நடந்து வரலாம், ஏற வேண்டாம். கோட்டை வாசலிலேயே சந்தைத் திடல். தங்குவதற்குத்தான் சரிப்படாது: மற்ற இடங்களெல்லாம் தூரம், திரும்பத் திரும்ப ஷ்ரூஸ்பரி வழியாகத்தான் போய்வர வேண்டும்.

ஆக, தங்க ஷ்ரூஸ்பரி. சனிக்கிழமை ஊரைச் சுற்றுங்கள், ஞாயிறு காலை ரயிலில் லட்லோ. கூட ஒரு நாள் கிடைத்தால் பிள்ளைகள் இருப்பவர்கள் அயர்ன்பிரிட்ஜ் போகலாம். வழியில் மச் வென்லாக் என்ற சின்ன ஊரில் அரை மணி நிறுத்துங்கள். அந்த ஊர் டாக்டர் வில்லியம் பென்னி புரூக்ஸ் 1850-இல் ஒலிம்பிய விளையாட்டுகள் தொடங்கினார். ஓட்டம், தாண்டுதல் போக, கிழவிகளுக்கு ஒரு ராத்தல் தேயிலை பரிசுக்கு ஓட்டப்பந்தயமும் நடந்தது. பின்னால் நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த கூபெர்த்தான் 1890-இல் நேரில் வந்து பார்த்துப் போனார். ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்குக்கு நான்கு மாதம் முன்னால், 1895 டிசம்பரில், புரூக்ஸ் இறந்துவிட்டார். லண்டன் 2012 ஒலிம்பிக்கின் சின்னப் பொம்மைக்கு வென்லாக் என்று பெயர் வைத்தது இந்த ஊரை நினைத்துத்தான்.

பிள்ளைகள் இல்லாமல் பெரியவர்களோடு போகிறவர்களுக்கு அந்த மூன்றாம் நாளில் நான் சொல்வது போவிஸ் கோட்டை. அது எல்லை தாண்டி வேல்ஸில் இருந்தாலும் ஷ்ரூஸ்பரியிலிருந்து வெல்ஷ்பூலுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. கிளைவ் குடும்பம் இந்தியாவிலிருந்து கொண்டுபோனவை அங்கே இருக்கின்றன, திப்புவின் பூவேலைக் கூடாரம் உட்பட. எட்வர்டின் மனைவி ஹென்ரியெட்டா 1800-இல் மகள்களோடு மைசூர், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று ஏழு மாதம் சுற்றியவர். அது அவர் பிறந்த வீட்டுக் கோட்டை.

கார் உள்ளவர்கள் மோர்ட்டன் சே போகலாம். மார்க்கெட் டிரேட்டனுக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே ஒரு குட்டிக் கிராமம். 1774-இல் லண்டனில் இறந்த ராபர்ட் கிளைவை அங்குள்ள செயின்ட் மார்கரெட் தேவாலயத்துக்குள் புதைத்தார்கள். எந்த இடம் என்று காட்டக் கல்லறை எதுவும் இல்லை. இந்தச் சுவர்களுக்குள் புதைக்கப்பட்டார் என்று சொல்லும் ஒரு சின்னப் பித்தளைத் தகடுதான். நாங்கள் போன அன்று தேவாலயம் பூட்டியிருந்தது. அப்பா வாசல் கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே, "சரி ஆத்தா, வந்தாச்சு, போவோம்" என்றார்.

வருகிற ஜூனில் மாமியார் வருகிறார்கள். ஷ்ரூஸ்பரியில் ஆற்றோரமாக, படி ஏற வேண்டாத கீழ்த்தள அறை ஒன்றுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.